ஐபேடில் கையெழுத்து விழலை: யாருக்காவது நடந்திருக்கா?

யீஷூன்வாசி:
போன வாரம் நடந்தது, இன்னும் மனசை அரிக்குது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கிளினிக் அனுப்பின படிவத்தை ஐபேடில் நிரப்பினோம். கடைசியில் கையெழுத்துப் பெட்டி. அம்மா விரலால் இழுத்தா பெட்டி வெள்ளையாவே இருக்கு, பக்கம்தான் மேலயும் கீழயும் ஓடுது. கை ஈரம்னு நினைச்சு முந்தானையில் விரலைத் துடைச்சுத் துடைச்சு இழுத்தாங்க. நாலாவது தடவை, "என்னப்பா, எனக்குக் கையெழுத்தே மறந்துபோச்சா?"ன்னாங்க. என் லேப்டாப்ல மவுஸால இழுத்தா கோடு ஜோரா விழுது!

ஜூரோங்கோடர்:
2019-ல ஐபேட்ஓஎஸ் 13 வந்ததுலேர்ந்து ஐபேடோட பிரவுசர் சஃபாரி, வெப்சைட்டுகள்கிட்ட தன்னை மேக் கம்ப்யூட்டர்னு சொல்லிக்குது. படிவம் எழுதினவங்க அந்தப் பேரை நம்பி மவுஸுக்கான நிரலை மட்டும் கொடுத்திருப்பாங்க. நான் பண்ணின பாவம் நேர்மாறு. மேக்ஸ்டச்பாயிண்ட்ஸ், அதாவது திரை ஒரே நேரத்துல எத்தனை விரலை உணரும்ங்கிற எண், பூஜ்யத்துக்கு மேல இருந்தா விரல், இல்லேன்னா மவுஸ்னு எழுதிட்டேன். ஒரு கிடங்கிலேர்ந்து போன். போனா, தொடுதிரை லேப்டாப், அதனால என் நிரல் மவுஸைக் கண்டுக்கவே இல்லை. கணக்கு பாக்குற அக்கா மேசையில மூணு மவுஸ், ஒண்ணு உறைகூடப் பிரிக்கலை. "எல்லாமே செத்துப்போச்சு தம்பி"ன்னாங்க. உண்மையைச் சொல்ல வாய் வரலை.

தேக்காடீ:
அண்ணே, "டச் இருக்கா"ங்கிற கேள்வியே தப்பு. இருக்கிறது வேற, இப்ப எதால தொடுறாங்கங்கிறது வேற. பாயிண்டர்டவுன் (அழுத்தினா), பாயிண்டர்மூவ் (நகர்த்தினா)னு நிரல்ல எழுதினா மவுஸ், விரல், பேனா மூணும் ஒரே வழியில வரும். எது வந்ததுன்னு பாயிண்டர்டைப் சொல்லிடும். சஃபாரியும் 13-லேர்ந்தே தருது. கையெழுத்துப் பெட்டிக்கு மட்டும், பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல டச்-ஆக்‌ஷன்: நன் (விரல் இழுப்பைப் பிரவுசர் கையில எடுக்காதேன்னு அர்த்தம்) போடணும், இல்லேன்னா பிரவுசர் அதை ஸ்க்ரோல்னு எடுத்துக்கிட்டு கோட்டைப் பாதியில வெட்டிடும். பட்டன் அளவுக்கு, கருவி எப்படின்னு சிஎஸ்எஸ் கேக்குற மீடியா குவெரியில பாயிண்டர்: கோர்ஸ் (விரல் மாதிரி துல்லியம் குறைஞ்சதா) பாருங்க. அதுவும் முதன்மைக் கருவியை மட்டும்தான் சொல்லும். கூட ஒட்டின தொடுதிரையும் தெரியணும்னா எனி-பாயிண்டர். ஹோவர்ல, அதாவது மவுஸை மேல கொண்டுபோனா மட்டும் திறக்கிற மெனுவைத் தயவுசெஞ்சு யாரும் வைக்காதீங்க. எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வெப்சைட் இருக்கணும்னு சொல்ற வழிகாட்டி டபிள்யூகேக் 2.2, 2023-ல வந்தது, பட்டன் குறைஞ்சது 24 பிக்சல்னு சொல்லுது, நான் 44-க்குக் கீழ இறங்க மாட்டேன்.

ஜூரோங்கோடர்:
இதெல்லாம் இப்பத் தெரியும் தம்பி. அன்னிக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், டெட்லைன்.

யீஷூன்வாசி:
அண்ணே, நான் டாக்சி ஓட்டுறவன், எனக்கு இது பாதி புரியலை. அம்மா மறுநாளே பஸ் பிடிச்சு கிளினிக்குக்குப் போய், பேனா வாங்கிப் போட்டுட்டு வந்துட்டாங்க. தமிழ்ல, முழுப் பேரும்.