மருந்தைத் திருப்பித் தள்ளும் புரதத்துக்குப் பெயர்

இராயபுரம்:
அன்பர்களே, டிபி மாத்திரையோடு டிஜாக்சின் என்ற இதய மருந்தும் சாப்பிடுவோருக்கான ஒருபக்கத் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இங்கும் தண்டையார்பேட்டையிலும் மருந்துக்கடைகளில் வைக்க. ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. குடற்சுவர் செல்லின் சவ்விலுள்ள பி-கிளைக்கோபுரோட்டீன், உள்ளே நுழைந்த டிஜாக்சினை, செல்லின் எரிபொருளான ஏடிபி தரும் ஆற்றலைச் செலவிட்டுக் குடலுக்கே திருப்பிவிடும். டிபி மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின் இந்தப் புரதத்தைப் பெருக்கும். 1999-இல் வந்த ஆய்வில் 8 பேருக்குத் தினம் 600 மி.கி. கொடுத்தபோது குடலில் இது ஏறக்குறைய 3.5 மடங்கானது, வாய்வழி டிஜாக்சின் இரத்தத்தில் சேர்வது குறைந்தது, ஊசியில் போட்டது அவ்வளவு குறையவில்லை. வரைவில் இந்தப் புரதத்துக்குக் 'கடத்தி' என்றிருக்கிறது. சரிவருமா?

திருவொற்றியூர்:
வேண்டாம் ஐயா. மின்கடத்தி தன் வழியே போகவிடும். இது பிடித்துத் தள்ளும். அதைவிட, கடத்தியில் திசை தெரியாது. உள்ளே இழுக்கும் புரதங்களும் உண்டே. ஒவ்வாமை மருந்தான ஃபெக்சோபெனடினை ஆப்பிள், ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால் அந்தப் புரதம் தடைப்பட்டு மருந்து சேர்வது குறைகிறது. தண்ணீரோடு விழுங்கச் சொல்வது அதனால்தான். 'எக்கி' எனலாம். அலை தள்ளிக் குவித்த மணலைச் சங்கப் பாடல்கள் எக்கர் என்கின்றன. எண்ணூர் முகத்துவாரத்தை அடைக்கும் மணலும் அதுதான்.

வியாசர்பாடி:
எக்கர் அழகுதான். ஆனால் வயிற்றை எக்குவது உள்ளிழுப்பதாயிற்றே! திசைக்காகத்தானே கடத்தியை விட்டோம்? தெருவில் அடிபம்பு அடித்தவர்களுக்கு 'பம்பு' போதும்.

காசிமேடு:
'இறைப்பி' என்பேன். மரப்படகில் பலகை இடுக்கில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுதான் இங்கும் நடக்கிறது. டிஜாக்சின் சவ்வு வழியே தானாக ஊறி வரும், புரதம் இறைக்கும். இந்தப் புரதத்தைத் தடுக்கும் இதய மருந்துகளான வெராபமிலோ குயினிடினோ சேர்ந்தால், இறைக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்ட மாதிரி: டிஜாக்சின் ஏறி நஞ்சாகும். மண்வெட்டியில் உள்ள அதே இகர விகுதி, கருவிப்பொருள்.

கொடுங்கையூர்:
கருவி அன்று, வினைமுதல். குறளின் 'சேர்ந்தாரைக் கொல்லி' போல. புரதம் தானே இறைக்கிறது, அதைப் பிடித்து இறைப்பவர் யாருமில்லை. கூடவே, 'பி' என்ற எழுத்தையும் தமிழாக்கலாமா? 1976-இல் ஆய்வாளர்கள் ஜூலியானோவும் லிங்கும் ஊடுருவுதிறனை (permeability) குறித்து வைத்தது அது.

இராயபுரம்:
'பி' அப்படியே இருக்கட்டும், ஆய்வக அறிக்கையில் தேட உதவும். இறைப்பிப் புரதம் கடைச் சத்தத்தில் 'இறைச்சிப் புரதம்' என்று காதில் விழுகிறது. டிபிக்காரர் கறியையும் முட்டையையும் நிறுத்திவிட்டால் உடம்பு தேறாது.

வியாசர்பாடி:
அப்படியென்றால் 'வெளித்தள்ளும் புரதம்'. யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள்.

காசிமேடு:
அச்சுக்கு மட்டும் சம்மதம்.

இராயபுரம்:
மூவர் ஒத்துக்கொண்டதால் இப்படிப் போகிறது: "டிபி மாத்திரை, மருந்தை வெளித்தள்ளும் புரதத்தைக் குடலில் கூட்டும். டிஜாக்சின் வேலை குறையலாம். டிபி மாத்திரை முடிந்து ஓரிரு வாரத்தில் அந்தப் புரதம் பழைய அளவுக்கு இறங்கும். அப்போது டிஜாக்சின் ஏறலாம். வாந்தி, பார்வையில் மஞ்சள், நாடி மெதுவாதல் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். அளவை நீங்களாக மாற்றாதீர்கள்."

திருவொற்றியூர்:
அறிக்கை நன்று. ஆனால் 'வெளித்தள்ளும் புரதம்' விளக்கமே தவிரச் சொல் அன்று. உள்ளிழுப்பதற்கு இணைச்சொல் கேட்டு அடுத்த மாதம் இங்கேதான் வருவீர்கள். எக்கியை நான் விடவில்லை.