வேலைக்குப் பொருந்தாத இருவரின் நட்பு: துணையா, தேக்கமா?

தேன்சிட்டு: எனக்கு ஆட்டிசம், தோழிக்கு ஏடிஎச்டி, அதாவது கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும் வேலையைத் தொடங்குவதும் கடினமாக இருக்கும் நிலை. இருவருக்குமே அலுவலகம் ஒத்துவரவில்லை. தினமும் வீடியோ அழைப்பைப் போட்டுவிட்டு அவள் மொழிபெயர்ப்பாள், நான் கணக்கு எழுதுவேன். பேச்சு அதிகம் இருக்காது. "ஒருத்தரை ஒருத்தர் கெடுத்துக்கொள்கிறீர்கள், வேலைக்குப் போகிறவர்களோடு பழகுங்கள்" என்கிறார்கள் வீட்டில். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்தூண்: வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தம்பிக்கும் ஏடிஎச்டி. அவனைப் போலவே வேலையை விட்ட நண்பன் ஒருவன் உண்டு. ராத்திரி முழுக்க இருவரும் பழைய மேலாளர்களைத் திட்டுவார்கள். விடிந்ததும் "இன்னைக்கு முடியலையா, விடுடா" என்று ஒருவனுக்கொருவன் ஆறுதல். விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

வெண்கலம்: கல்தூண், உங்கள் தம்பி பகலெல்லாம் இயல்பாக இருப்பதுபோல் நடித்துக் களைத்தவராக இருக்கலாம். அந்த நடிப்பு தேவைப்படாத ஒரே இடம் அந்த நண்பன்தானோ என்னவோ. ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பழகத் தெரியாது என்பதே பாதி உண்மைதான். ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரு பக்கமும் புரியாமை இருக்கிறது என்று பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012லேயே எழுதினார். 2020இல் எடின்பரோ ஆய்வாளர்கள் எட்டெட்டுப் பேராக வரிசைப்படுத்தி, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த வரிசையில், ஆட்டிசம் இல்லாதவர்கள் வரிசைக்குச் சமமாகவே கதை போய்ச் சேர்ந்தது. கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

கல்தூண்: சரி, கதை போய்ச் சேர்ந்தது. வாடகை யார் கட்டுவது? இருவருக்கும் வருமானம் நிற்கும் மாதத்தில், இருவரும் ஒரே நேரத்தில் சோர்ந்து படுக்கும் வாரத்தில், யார் யாரைத் தூக்கிவிடுவது? ஆய்வு அதை அளக்கவில்லையே.

தேன்சிட்டு: பணம் நியாயமான கவலை. ஆனால் நடப்பதைச் சொல்கிறேன். முடித்த வேலைக்கான பில்லை அவள் அனுப்பாமலே வைத்திருந்தாள். அந்த மின்னஞ்சலைத் திறக்கவே கை வரவில்லை. வேறு யாராக இருந்தாலும் "ஒரு நிமிஷ வேலைதானே" என்றிருப்பார்கள். நான் "எந்த வரியில் நிற்கிறாய்?" என்று கேட்டேன். திரையைப் பகிர்ந்தாள். நான் வாசிக்க வாசிக்க அவள் தட்டச்சு செய்தாள், பில் போய்விட்டது. இருவருமே படுத்துவிட்ட நாட்களில் ஒரு புள்ளியை மட்டும் அனுப்பிக்கொள்வோம். பதில் கட்டாயமில்லை.

வெண்கலம்: பக்கத்தில் ஒருவர் சும்மா இருந்தாலே வேலை நகர்வதை ஏடிஎச்டி உள்ளவர்கள் 'பாடி டபுளிங்' என்பார்கள். தம்பியும் நண்பனும் திட்டும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்கிப் பார்க்கலாமே.

கல்தூண்: சொல்லிப் பார்க்கிறேன். ஆனாலும் மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும் என்றே நினைக்கிறேன். தேன்சிட்டு, நாளைக்கு உங்களில் ஒருவருக்கு முழுநேர வேலை கிடைத்தால்?

தேன்சிட்டு: அவளுக்கு அடுத்த வாரம் நேர்காணல் இருக்கிறது. உத்தரவுகளை எழுத்தில் தருவார்களா, காதில் ஹெட்போன் போடலாமா என்று அவர்களிடம் கேட்க வேண்டியவற்றை இருவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் அழைப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொள்வோம். கிடைக்காவிட்டால் அன்று ராத்திரி அவள் திட்டுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.