திருகோணமலை வீட்டுக்கு எந்தக் கம்பளிப் போர்வை பொருந்தும்?

உப்புவெளி மகள்:

வணக்கம். மாரி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால், எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்கு இரவுக் குளிர் தாங்குவதில்லை. திருகோணமலையில் கம்பளியா என்று சிலர் சிரிக்கக்கூடும். எங்கள் வீடு கடற்கரையை ஒட்டி இருப்பதால், விடியற்புறத்தில் ஈரக்காற்று யன்னல் இடுக்கால் நுழையும்போது பருத்திப் போர்வைகள் இரண்டைச் சேர்த்துப் போர்த்தினாலும் அவருக்குக் கால் விறைத்துப்போகிறது. சவூதியிலிருந்து உறவினர் கொண்டுவந்த பூப்போட்ட தடித்த போர்வை ஒன்றும் வீட்டில் உண்டு. அதைப் போர்த்தினால் சிறிது நேரத்தில் வியர்க்கிறது, விலக்கினால் மீண்டும் குளிர்கிறது, அதன் பாரம் முழங்காலை அழுத்துகிறது என்றும் சொல்கிறார்.

மெல்பேர்னில் இருக்கும் தம்பி அசல் கம்பளிப் போர்வை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். எதைப் பார்த்து வாங்குவது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அம்மாவின் தோல் மெல்லியது. சொரசொரப்பான துணி பட்டால் சிவந்து தடித்துவிடும். மென்மையும் சூடும் ஒன்றாக அமைந்த போர்வையை எப்படி இனங்காண்பது? நம் ஊர் ஈரப்பதனில் அது பழுதாகாமல் இருக்குமா?

நூற்கணக்கன்:

வணக்கம் சகோதரி. வளைகுடா நாடுகளிலிருந்து நம்மவர்கள் கொண்டுவரும் அந்தப் பூப்போட்ட போர்வைகள், மென்மயிர் விலங்கான மிங்க்கின் பெயரில் விற்கப்பட்டாலும், பெரும்பாலும் பொலியெஸ்டரில் அல்லது அக்ரிலிக்கில் செய்யப்பட்டவை. அவை தொடுவதற்கு மெதுமெதுப்பானவைதான். ஆனால் அந்த இழைகள் ஈரத்தை உள்ளே ஏற்பதில்லை என்பதால், உடலிலிருந்து வெளியேறும் வியர்வை தோலுக்கும் போர்வைக்கும் இடையிலேயே தங்கிவிடுகிறது. கம்பளி இழையோ தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை நீராவியாகவே உள்ளிழுத்துக்கொண்டும், தொட்டால் நனைந்ததாகத் தெரியாமல் இருக்கும்; அவ்வாறு உள்ளிழுக்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் வெளிவிடும். வாடைக்காற்றின் ஈரக்குளிருக்கு அது ஏற்றது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மென்மையைத் தீர்மானிப்பது இழையின் பருமன். கம்பளி பட்டால் தோல் அரிப்பதைப் பலர் ஒவ்வாமை என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது ஒவ்வாமை அன்று. 30 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தடித்த இழைகளின் நுனிகள் வளைந்துகொடுக்காமல் தோலைக் குத்துவதால் ஏற்படும் உறுத்தலே அது. மெரினோ ஆட்டின் இழை பொதுவாக 24 மைக்ரோனுக்கு உட்பட்டது. அதிலும் 17 முதல் 19 மைக்ரோன் வரையிலான இழையில் நெய்தவை கழுத்திலும் கன்னத்திலும் பட்டாலும் உறுத்தாது. ஆகவே தம்பி கடையில் கேட்க வேண்டிய முதற்கேள்வி விலையன்று, எத்தனை மைக்ரோன் என்பதே. கடைக்காரருக்கு அந்த எண் தெரியாவிட்டால், போர்வையை முன்கையின் உட்புறத்திலோ கழுத்திலோ சற்று நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளங்கைத் தோல் தடித்தது, அதன் தீர்ப்பை நம்ப முடியாது.

அடுத்தது எடை. பாரமான போர்வைதான் சூடு தரும் என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். சூட்டைக் காப்பது சுருள் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான். இழுத்து இறுக்கி நெய்த கனத்த துணியைவிட, மேற்பரப்பை வாரிப் பஞ்சுபோல் எழுப்பிய இலேசான துணி கூடுதலாகவே சூட்டைக் காக்கலாம். சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவிலான துணி உங்கள் அம்மாவுக்குப் போதும் என்பது என் எண்ணம். 150 சென்ரிமீற்றர் அகலமும் 200 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட போர்வை அந்தக் கணக்கில் 900 கிராம்தான் வரும். முழங்காலுக்கு அது பாரமாகாது.

துணிச்சீட்டில் நூறு வீதம் தூய புதுக் கம்பளி என்று இருக்க வேண்டும். 'கம்பளிக் கலவை' என்று மட்டும் எழுதி வீதத்தைச் சொல்லாமல் விட்டவற்றை நான் வாங்கமாட்டேன். கம்பளியின் தூய்மைக்குச் சான்றாக இடப்படும், நூலுருண்டை வடிவிலான வுல்மார்க் முத்திரை 1964 முதல் பயன்பாட்டில் உள்ளது. அது இருந்தால் நம்பிக்கை கூடும்.

மலைநாட்டுத் தாதி:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்தோடு எனக்குப் பெரிய முரண்பாடு இல்லை, ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நுவரெலியாவில் வேலை செய்து, ஓய்வுபெற்ற பின் பாலையூற்றுக்கு வந்தவள். அங்கே தை, மாசியில் தேயிலைச் செடியில் உறைபனி படியும் குளிர். அதற்கு வாங்கும் கம்பளியை இங்கே வாங்கினால், அலுமாரியை நிரப்பத்தான் உதவும். இங்கே மாரி இரவிலும் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே முதலில் யன்னல் இடுக்கை அடைத்து, அம்மாவுக்குப் பருத்திக் காலுறை போட்டுப் பாருங்கள். காலின் குளிர் பாதியாகக் குறையக்கூடும்.

அத்தோடு, மற்றவர்களுக்குக் குளிராத இரவில் அவருக்கு மட்டும் குளிர்கிறதென்றால், இரத்தச்சோகையும் தைரொயிட் சுரப்புக் குறைவும் அதற்குக் காரணமாக இருக்கலாம். போர்வை வந்து சேருமுன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கம்பளி வாங்குவது என்று முடிவெடுத்தால், அதைத் தோலில் நேராகப் படவிடாமல், கீழே மெல்லிய பருத்தி விரிப்பொன்றைச் சேர்த்துப் போர்த்துங்கள். எத்தனை மைக்ரோனாக இருந்தாலும் முதியவரின் தோலுக்கு அதுவே பாதுகாப்பு. விரிப்பை மட்டும் அடிக்கடி தோய்த்தால் கம்பளியும் சீக்கிரம் அழுக்காகாது.

உப்புவெளி மகள்:

இருவருக்கும் நன்றி. இரத்தப் பரிசோதனையை நான் நினைத்தே பார்க்கவில்லை. இந்த வாரமே அழைத்துச் செல்கிறேன். தோய்ப்பதையும் பேணுவதையும் பற்றி யாராவது விளக்க முடியுமா? தோய்த்தால் சுருங்கிவிடும் என்கிறார்களே.

மட்டிக்களி வாசி:

சுருங்குவது தண்ணீரால் மட்டுமன்று. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. சூடான நீரும் அலசும் வேகமும் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, பிறகு பிரிக்கவே முடியாதபடி துணி இறுகிவிடும். எனவே குளிர்ந்த நீரில், காரம் குறைந்த திரவச் சவர்க்காரம் சிறிது கலந்து, கசக்காமல் அமுக்கித் தோய்க்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துவாயில் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரத்தால் துணி இழுபட்டுவிடும். வெளுப்புத் திரவம் ஒரு துளியும் படக்கூடாது, அது கம்பளியைக் கரைத்தே விடும். இயந்திரத்தில் தோய்க்கும் விருப்பம் இருந்தால், செதில்களைச் செயலிழக்கச் செய்து பதப்படுத்திய கம்பளி இருக்கிறது. சீட்டில் இயந்திரத்தில் தோய்க்கலாம் என்று குறித்திருப்பதைத் தம்பியிடம் கேட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் பெரிய கவலை பேணுவதுதான். மாரிக்குப் பின் அடுத்த மாரி வரை போர்வை அலுமாரியில் கிடக்கும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்று வளர்வது, அதிலும் வியர்வையும் எண்ணெயும் படிந்த இடத்தை முதலில் தேடிச் செல்லும். ஆகவே தோய்த்து, ஒரு துளி ஈரமும் இல்லாமல் நன்றாக உலர்ந்த பின்னரே மடித்து, நெருக்கமாக நெய்த பருத்தி உறையில் இட்டு வாய் கட்டி வையுங்கள். நெகிழிப் பையில் ஈரம் சிறிதளவு மிஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இடையிடையே வெளியே எடுத்து வெயில் காட்டி உதறினால் முட்டையும் புழுவும் உதிரும்.

நப்தலீன் உருண்டை வைப்பவர்கள், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் குறைந்த குழந்தைகளுக்கு அதன் ஆவியால் செங்குருதிக் கலங்கள் சிதையும் ஆபத்து உண்டு.

தம்பி அனுப்பும் வரை பொறுக்காமல் மத்திய வீதிப் புடைவைக் கடைகளில் பார்ப்பதென்றால், கரையில் தொங்கும் நூலிழை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் மணத்தோடு தயங்கி எரிந்து, நெருப்பை விலக்கினால் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். பொலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகி, ஆறியபின் கெட்டியான மணிபோல் நிற்கும். கலவைத் துணியில் இரண்டும் சேர்ந்து தெரியும் என்பதால், நெடுக்கு நூலையும் குறுக்கு நூலையும் தனித்தனியே சோதியுங்கள்.