லூஸ் டீ வாங்கப் போன இடத்துல மறக்க முடியாத அனுபவம் இருந்தா சொல்லுங்க

மலைரயில்:
குன்னூர்ல இருந்து ஊட்டி போற ரோட்டுல டீ, சாக்லேட், யூகலிப்டஸ் தைலம்னு வரிசையா கடை இருக்குமே, அதுல ஒரு கடையில நடந்தது இன்னும் உறுத்திட்டே இருக்கு. அக்டோபர் மாசம். கண்ணாடி ஜாடியில "ஃப்ராஸ்ட் டீ, புது வரவு"ன்னு சீட்டு ஒட்டியிருந்தாங்க. ஃப்ராஸ்ட் டீ என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், டிசம்பர் ஜனவரியில உறைபனி விழற சமயத்துல எடுக்குற கொழுந்து, அது அக்டோபர்ல எப்படிங்க புது வரவாகும்? எந்த மாசம் எடுத்ததுண்ணா அப்படின்னு மட்டும்தான் கேட்டேன். பதிலே இல்ல. ஜாடி மூடிய திருகி மூடி வச்சுட்டு பக்கத்துல நின்ன ஃபேமிலிக்கு மசாலா டீ காட்டப் போயிட்டார்.

அப்புறம் கீழ மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன கடை, ஃபேக்டரியில டீ மேக்கரா இருந்து ரிட்டயர் ஆன பெரியவர் நடத்துறது. ரெண்டு வெள்ளை கப்ப வரிசையா வச்சு, சின்ன தராசுல இலைய நிறுத்துப் போட்டு, கொதிக்கிற தண்ணிய ஊத்தி மூடிட்டு கைக்கடிகாரத்தையே பாத்துட்டு நின்னார். டேஸ்டர்ங்க செய்யற அதே முறை, 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிஷம். வடிச்சதும் நான் டிகாக்ஷன தான் பாத்தேன், அவரு கப்ப கவுத்து வெந்த இலைய மூடி மேல தட்டி என் மூக்குக்கிட்ட நீட்டுனார். ஒண்ணு செப்பு கலர்ல பளிச்சுன்னு, பச்சை ஓரத்தோட, பூ வாசம். இன்னொண்ணு கருத்துப் போயி வாசமே இல்லாம. காஞ்சப்ப ரெண்டும் ஒரே மாதிரி தான் இருந்துச்சு. "காஞ்ச இலைய பாத்து வாங்காதீங்க தம்பி, வெந்த இலைய காட்டச் சொல்லுங்க"ன்னார். அதுக்கப்புறம் எந்த கடைக்குப் போனாலும் அத கேக்குறேன், காட்டுறவங்க ரொம்ப கம்மி.

பிளேன்டீ:
நான் இலங்கையில ஹட்டன் பக்கம். எங்க அம்மாயி கல்யாணம் கட்டுறதுக்கு முன்னாடியிருந்து மலையில கொழுந்து எடுத்தவங்க, ஆனா வீட்டுல குடிச்சது எப்பவும் தூள் தான், நல்லது எல்லாம் பெட்டியில அடச்சு கொழும்பு ஏலத்துக்குப் போயிரும். போன மார்ச்சில தோட்டத்து சேல்ஸ் சென்டர்ல ஓபி (ஆரஞ்சு பீக்கோ, நீட்டு இலை கிரேடு) இலை கொஞ்சம் வாங்கிட்டுப் போனேன். எங்க திம்புள்ள பகுதிக்கு ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் தான் சீசன், காஞ்ச காத்து அடிக்குற நேரம், அப்ப வர்ற தேயிலைக்கு வாசமே வேற.

பாக்கெட்ட வெட்டி அம்மாயி கையில கொட்டுனேன். ஒரு வார்த்த பேசல. நீட்டு நீட்டா முறுக்கியிருந்த இலைய விரல்ல உருட்டிப் பாத்தாங்க, மோந்தாங்க, பெறகு ஒரு காம்ப தேடி எடுத்து ஓரமா வச்சுட்டு "யாரு எடுத்ததோ, மூணாம் இலையும் சேத்துல்ல கிள்ளியிருக்கா"ன்னாங்க. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் தான் நல்ல கொழுந்துக்கு கணக்கு. நான் அந்த தேத்தண்ணி எப்படி இருக்குன்னு கேக்க நெனச்சு வாங்கிட்டுப் போனது, அவங்க கண்ணுக்குப் பட்டது கொழுந்து எடுத்த கை தான். ஊத்திக் குடுத்தேன், சீனி இல்லாம குடிக்க மாட்டேன்னுட்டாங்க, நிறைய சீனி போட்டு குடிச்சாங்க. டேஸ்டிங் நோட்ஸ் எழுதுற ஆளுங்க ஒருக்கா கொழுந்து எடுக்குற பொம்பளைங்ககிட்ட இலைய காட்டிப் பேசணும்னு எனக்கு ரொம்ப ஆச.

ஈப்போ தம்பி:
மலேசியால இருந்து. இங்க எல்லாரும் கேமரன் மலை டீயே பேசுவாங்க, நான் சொல்லப் போறது லியூபாவ். சீனாவுல குவாங்சியில நொதிக்க வச்சு பழசாக்கி செய்ற கருப்பு டீ, அந்தக் காலத்துல கிந்தா பக்கம் வெள்ளீயச் சுரங்கத்துல வேலை செஞ்ச சீனவங்க குடிச்சது, அதனால ஈப்போ பழைய கடைங்கள்ல இன்னும் கிடைக்கும். எனக்கு முதல்ல பிடிக்கல, பழைய ஸ்டோர் ரூம் வாசம் அடிக்கும். ஒரு வயசான அங்கிள் கடை, மூங்கில் கூடையில இருந்து கட்டிய உடைச்சு சின்ன மண் டீபாட்டுல போட்டாரு. மொத தண்ணிய அப்படியே பாட்டு மேலயே ஊத்திட்டாரு, ரெண்டாவது தண்ணிய குடுத்து "பாக்கு வாசம் வருதா பாரு"ன்னு மலாய்ல கேட்டாரு.

வந்துச்சு. எங்க பாட்டியோட வெத்தல பெட்டிய திறந்தா வர்ற அதே வாசம். நான் அவருகிட்ட அத சொல்ல, அவரு பாக்கு மெல்லுற தமிழ் பாட்டிங்க முன்னாடி அந்த தெருவுல இருந்தாங்கன்னு பேச ஆரம்பிச்சு, கடையில ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். நல்ல லியூபாவுக்கு அந்த பாக்கு வாசம் தான் அடையாளமாம், அத தேடி தான் வாங்குறாங்க. அந்த மண் பாட்ட அவரு சோப்பு போட்டு கழுவுறதே இல்ல, வெந்நீர் மட்டும். நானும் ஒரு யீஷிங் பாட்டு (சீனாவுல யீஷிங் ஊரு களிமண் டீபாட்டு) வாங்கிட்டேன், லியூபாவுக்கு மட்டும் வச்சிருக்கேன்.

கேன்வாட்டர்:
என் கதை சின்னது. கொல்கத்தால ஒரு கடையில டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ், அதாவது வருஷத்தோட மொத பறிப்பு டீ குடிச்சேன், அப்படியே பச்சை திராட்சை மாதிரி இருந்துச்சு, அதே டப்பாவ சென்னைக்கு கொண்டு வந்து வீட்டு போர் தண்ணியில போட்டா கப்பு மேல எண்ணெய் படலம் போல ஒண்ணு மிதக்குது, கலர் மங்கல், வாசம் காணோம். அந்த படலத்த ஸ்பூன்ல ஒதுக்கி ஒதுக்கி பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால மலைரயில் சொல்றத நான் பாதி தான் ஒத்துக்குவேன். நீங்க அந்த பெரியவர் கடையில குடிச்சது குன்னூர் தண்ணி. மென்மையான தண்ணி. அதோட 1,850 மீட்டர் உயரத்துல தண்ணி கிட்டத்தட்ட 94 டிகிரிலயே கொதிச்சிரும், ஊட்டியில இன்னும் ஒண்ணு ரெண்டு டிகிரி கம்மி. அதே இலைய சென்னையில தளதளன்னு 100 டிகிரி கொதிக்கிறத ஊத்துனா துவர்ப்பு தூக்கலா வரும், உடனே கடைக்காரர் மாத்தி குடுத்துட்டாருன்னு எழுதுவோம். படலம் வர்றது தண்ணில இருக்குற கால்சியம், பைகார்பனேட்டால, இலை மேல தப்பு இல்ல. அதுக்காக முழுக்க ஆர்ஓ தண்ணியும் வேண்டாம், சப்புன்னு இருக்கும், நான் ஆர்ஓவோட கொஞ்சம் மெட்ரோ வாட்டர் கலந்து தான் கொதிக்க வைக்கிறேன். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்னா கொதி அடங்க விட்டு 85, 90ல ஊத்துங்க, மூணு நிமிஷத்துக்கு மேல விடாதீங்க. பாட்டு விஷயத்துல ஈப்போ தம்பி கோச்சுக்காதீங்க, புதுசா ஆரம்பிக்கிறவங்க மண் பாட்டு வாங்கவே வேண்டாம், அது வாசத்த உள்ள இழுத்து வச்சுக்கும், நாலு வகை டீ குடிக்கிற வீட்டுக்கு பீங்கான்ல மூடி போட்ட கைவான் கப்பு போதும், விலையும் கம்மி. ஜப்பான் இரும்பு பாட்டுன்னு ஆன்லைன்ல வருதே, உள்ள எனாமல் பூசியிருந்தா அடுப்புல வைக்கக் கூடாது, அது ஊற வைக்க மட்டும் தான், எனாமல் வெடிச்சிரும். டப்பா தகரமா இருக்கணும், மசாலா அலமாரி பக்கம் வைக்காதீங்க, சென்னை ஈரக்காத்துக்கு கால் கிலோ மொத்தமா வாங்குறது வேஸ்ட், அம்பது கிராமா வாங்குங்க.

மலைரயில்:
ப்ரோ, தண்ணி பத்தி நீங்க சொன்னது எல்லாம் சரி, நான் அத கேக்கவே இல்லையே. என் வருத்தம் அக்டோபர்ல புது ஃப்ராஸ்ட் டீன்னு எழுதுனது பத்தி. அதுக்கு எந்த தண்ணி ஊத்துனாலும் மாசம் மாறாது. அதோட அந்த ரெண்டு கப்புலயும் ஊத்துனது ஒரே கெட்டில் தண்ணி, ஒண்ணு செப்பா ஒண்ணு கருப்பா இருந்தது இலையால தானே?

ஈரத்துணி:
இங்க எல்லாரும் வாசம் பத்தி பேசுறீங்க, எனக்கு நடந்தது வேற. எங்க ஊரு மார்க்கெட்டுல சாக்குல வச்சு அளந்து குடுக்குற டீத்தூள் கடை, டீக்கடைக்காரங்க எல்லாம் வாங்குவாங்க, கிலோவுக்கு மத்த இடத்த விட நல்லாவே கம்மி. வீட்டுக்கு வந்து வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல கொஞ்சம் தூவி பச்சைத் தண்ணி தெளிச்சேன். தெளிச்ச கையோட தூள சுத்தி செம்மண் கலர்ல வட்டம் வட்டமா பரவுது. என் பொண்ணு பக்கத்துல நின்னு பாத்துட்டு "அப்பா, பெயிண்ட்டா"ன்னு கேட்டா. சாயம் போட்ட தூள், ஏற்கெனவே ஒரு தடவ போட்டு எடுத்து காய வச்ச சக்கையா கூட இருக்கலாம். மறுநாள் அந்த பேப்பர எடுத்துட்டு கடைக்குப் போனேன், அவரு பாத்துட்டு "சார், டீக்கடைக்கு கலர் தான் வேணும், கலர் இல்லாத தூள நான் யாருக்கு விக்கிறது"ன்னு கேட்டாரு. மறைக்கக் கூட இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. உணவு பாதுகாப்பு துறைக்கு புகார் எழுதிட்டேன். சாம்பிள் எடுத்துட்டுப் போயிருக்காங்க, ரிசல்ட் வரல.

கேன்வாட்டர் சொல்ற கைவானும் 90 டிகிரியும் அப்புறம் பாக்கலாம், லூஸா வாங்குறவங்க முதல்ல இத செஞ்சு பாருங்க.

கேன்வாட்டர்:
சக்கைய காய வச்சு வித்தா அதுல துவர்ப்பும் கலரும் தர்ற டேனின் கம்மியா இருக்கும், அதனால தான் சாயம் சேக்குறாங்க. ஆனா ஒண்ணு, போர் தண்ணி தெளிச்சு டெஸ்ட் பண்ணாதீங்க, கலர்...

ஈரத்துணி:
கேன் தண்ணி தான் தெளிச்சேன் சார்.

பிளேன்டீ:
ஈரத்துணி அண்ணே, டெஸ்ட் நல்லது, ஆனா வெந்நீர்ல செஞ்சுட்டு கடைக்காரங்களோட சண்டைக்குப் போயிராதீங்க யாரும். டஸ்ட், பிஓபிஎஃப் மாதிரி சின்ன கிரேடு வெந்நீர் பட்டதும் கலர் விடத்தான் செய்யும். பச்சைத் தண்ணி மட்டும். நல்ல தூளும் ரொம்ப நேரம் ஈரத்துல கெடந்தா லேசா கலர் எறங்கும், அதனால உடனே பரவுதான்னு பாருங்க. பெறகு தூள தட்டிட்டு பேப்பர குழாயில புடிச்சு கழுவி, வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாக்கணும், கழுவியும் கறை நிக்குதுன்னா அது சாயம். உங்க பேப்பர்ல கழுவின பெறகும் நின்னுச்சா?

ஈரத்துணி:
நின்னுச்சு. அந்த பேப்பரயும் சாம்பிளோட சேத்து குடுத்துட்டேன்.