மறு: ஆயில் கூலருக்குத் தமிழ்ச்சொல் – ‘எண்ணெய்ச் சூடாற்றி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

> ‘எண்ணெய்க் குளிர்விப்பான்’ எல்லோருக்கும் புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரிகிறது, உண்மைதான். ஆனால் நாம் எழுதப்போவது, பந்தயத்தடத்தில் ஓட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் கூலரைச் சொந்தமாகச் செய்து பொருத்துவதற்கான கையேடு. படிப்பவர் ஸ்பேனரோடு காருக்கு அடியில் படுக்கப்போகிறவர். ‘குளிர்விப்பான்’ என்றால் எவ்வளவு குளிருகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து மாட்டிவிடுவார்.

எஞ்சின் ஆயில் குளிரவே கூடாது. ஏறத்தாழ 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால்தான் அது தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அதற்கு மிகவும் கீழே போனால் கெட்டியாகி பம்புக்குச் சுமையாகும். ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாது. மறுபக்கம், தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்றாக விரட்டும்போது சூடு 130ஐத் தாண்டிவிடும். ஆயில் நீர்த்து, பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய படலம் மெலிந்துபோகும். ஆக, இந்தக் கருவி எடுக்கவேண்டியது மிகையான சூட்டை மட்டும்தான். அதற்கான வினை நம்மிடம் எப்போதோ இருக்கிறது: ஆற்றுதல். கொதிக்கிற பாலை ஆற்றுகிறோம், குளிர்விப்பதில்லை.

> அப்படியானால் ‘எண்ணெயாற்றி’ போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

எனக்கும் முதலில் பிடித்தது இதுதான். ஆனால் வேற்றுமை உருபு சேரும்போது சிக்கல் வருகிறது. ‘எண்ணெயாற்றியில்’ என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனால் ‘எண்ணெயாற்றில்’, அதாவது எண்ணெய் ஓடும் ஆற்றில் என்றாகிவிடும். பணியாற்றி, உரையாற்றி என்ற எச்சங்களின் சாயலும் ஒட்டிக்கொள்கிறது. ‘சூடாற்றி’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை. அப்புறம், இதை வைத்து ஒரு குடும்பத்தையே கட்டலாம்: எஞ்சினுக்கு எண்ணெய்ச் சூடாற்றி, ரேடியேட்டருக்கு நீர்ச் சூடாற்றி, டர்போ எஞ்சினின் இன்டர்கூலருக்குக் காற்றுச் சூடாற்றி. குளிர்விப்பான் என்ற சொல் ஏசி போன்ற, உண்மையிலேயே குளிர வைக்கும் கருவிகளுக்கே இருக்கட்டும்.

தெர்மோஸ்டாட் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘வெப்பநிலை நிறுத்தி’ என்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் தட்டில் இது உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் 80 டிகிரி வாக்கில் திறக்கத் தொடங்கி, ஆயிலைச் சூடாற்றிக்கு அனுப்பும். மூடியிருக்கும்போதும் சிறிதளவு ஆயிலைக் கசியவிடும் வகைகள் உண்டு. இல்லையென்றால் குழாயில் தேங்கிய குளிர்ந்த ஆயில் முழுவதும் ஒரே நேரத்தில் எஞ்சினுக்குள் பாயும். எதையும் நிறுத்தாமல் வழிவிடுகிற ஒன்றுக்கு ‘வெப்பவாயில்’ பொருந்தும். அந்தத் தட்டுக்கு ‘இடைத்தட்டு’. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு இன்னும் நிறைவு தராதது ஷ்ரௌடுக்கான, அதாவது காற்றைச் சூடாற்றிக்குள் செலுத்தும் தகட்டு உறைக்கான சொல். கையேட்டின் உயிரே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வீட்டில் செய்பவர்கள் சூடாற்றியை பம்பருக்குப் பின்னால் தொங்கவிட்டு, காற்று வந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும். நெருக்கமான தகட்டு மடிப்புகளுக்குள் புகுவதைவிட, பக்கத்தில் இருக்கும் விரலகல இடைவெளியில் நழுவிப் போய்விடும். அலுமினியத் தகட்டை வளைத்து நான்கு பக்கமும் மூடி, விளிம்பில் ஃபோம் பட்டையை ஒட்டினால்தான் காற்று உள்ளே நுழையும். பின்னால் அது வெளியேற வழியும் வேண்டும், அதுவும் காற்றழுத்தம் குறைந்த இடமாகப் பார்த்து. ‘காற்றுமறைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது காற்றைத் தடுக்கிற பொருளைத் தருகிறதே! ‘காற்றுவாரி’ என்று சொல்லிப்பார்க்கிறேன். வாரிக்கொண்டுவந்து உள்ளே தள்ளுவது. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.

கையேட்டு வரைவில் சொல்லோடு சேர்த்து உள்ளடக்கத்திலும் சில திருத்தங்கள் வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றிய சூடாற்றியைப் பயன்படுத்தலாம் என்று பொதுவாக எழுதியிருக்கிறது. பேரிங் போன எஞ்சினிலிருந்து கழற்றியது என்றால் தொடவே கூடாது. உள்ளே சிக்கிய உலோகத் துகளை எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியே எடுக்க முடியாது. ஹோஸை வெறும் கிளிப் போட்டு இறுக்கச் சொல்லும் வரியையும் நீக்க வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால் ஆயில் அழுத்தம் 5 பாரைக்கூடத் தாண்டும். மரையிட்ட இணைப்பு உள்ள ஏஎன்-10 (இது ஹோஸின் அளவுக் குறியீடு) ஹோஸ் என்றே எழுதுவோம். காரின் உடலில் எங்கும் உரசாமல் அதைக் கட்டவும் சொல்ல வேண்டும்.

கடைசியாக, பிரைமிங், அதாவது எஞ்சினைக் கிளப்பும் முன்பே ஆயிலை உள்ளே நிரப்புவது. ‘ஆயில் ஏற்றுதல்’ போதும். வரைவுக்கு நான் எழுதிய வரி இது: “எஞ்சின் கிளம்பாதபடி எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, அழுத்தமுள் அசையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றி, சூடாற்றிக்கும் குழாய்களுக்கும் ஆயில் ஏற்றவும். பிறகு ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) பார்த்து, குறைந்த ஆயிலை ஊற்றவும்.” மறுப்பு இல்லையென்றால் இதையே சேர்த்துவிடலாம்.