பின்வளவு இலைகள்: பிள்ளைகளோடு வாருவதா, வாராமலே விடுவதா?

ஸ்காபரோ அம்மா:
இங்கே ரொறன்ரோவில் எங்கள் பின்வளவில் நிற்பது ஒரேயொரு நோர்வே மேப்பிள் மரம்தான். நவம்பர் பிறந்ததும் ஒரே கிழமையில் எல்லா இலையையும் கொட்டிவிட்டது. நடந்தால் கணுக்கால் புதைகிறது. நேற்று மகளுக்கும் (ஐந்து வயது) மகனுக்கும் (மூன்று) ஆளுக்கொரு சின்னக் குப்பைவாரி வாங்கிக் கொடுத்து இறங்கினோம். நான் குவித்தேன், அவர்கள் குதித்தார்கள், நான் மறுபடியும் குவித்தேன். மூன்று மணி நேரத்தில் நிரம்பியது இரண்டு கடதாசிப் பைகள். ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், "தனியாகச் செய்திருந்தால் நாற்பது நிமிட வேலை" என்றார். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதில் ஏதாவது பிரயோசனம் இருக்கிறதா, இல்லை என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேனா?

மார்க்கம் தம்பி:
அக்கா, குறை நினைக்க வேண்டாம், நான் அத்தான் பக்கம். விளையாட்டு என்றால் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வேலை என்றால் இலையை ஊதித் தள்ளும் புளோவரை எடுங்கள். போன வருடம் நானும் பிள்ளைகளோடு இறங்கி, பாதியில் "மிச்சம் நாளைக்கு" என்று விட்டேன். இரவு மழை. காலையில் பார்த்தால் இலை சாணி மெழுகியதுபோல் புல்லோடு ஒட்டிக் கிடந்தது. ஈர இலையைத் திணித்த பை, வாசலுக்குப் போகும் வழியிலேயே அடி கழன்று கொட்டியது. மாநகராட்சி வண்டியையும் தவறவிட்டேன்.

இன்னொன்று, உண்ணி. நீங்கள் இருப்பது ரூஜ் பூங்காவுக்குப் பக்கம். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி அங்கே இருக்கிறது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருந்தாலே அது நடமாடும். இலைச்சருகுதான் அதற்கு வீடு. அதற்குள்ளா பிள்ளைகளைக் குதிக்க விடுகிறீர்கள்?

ஸ்காபரோ அம்மா:
தம்பி, உண்ணிப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கிருமி உடம்பில் ஏற, உண்ணி பொதுவாக ஒரு நாளாவது கடித்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிவிட்டேன். இரவு குளிப்பாட்டும்போது காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாம் பார்த்தேன். தலைமுறை தலைமுறையாகப் பேன் பார்த்தவர்கள் நாங்கள், உண்ணியா எங்கள் கண்ணுக்குத் தப்பும்?

கிளுவை வேலி:
நீங்கள் இருவரும் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எதற்காக வார வேண்டும்? கபிலமும் கறுப்புமாக ஒரு மயிர்க்கொட்டியை இந்த நாட்களில் நடைபாதையில் கண்டிருப்பீர்கள். அது குளிர்காலம் முழுக்கச் சருகுக்கு அடியில் உறைந்து கிடந்து, வசந்தத்தில் உயிர்த்தெழுந்து அந்துப்பூச்சியாகிறது. மின்மினியின் புழுவும் சருகிலும் மண்ணிலும்தான் குளிரைக் கழிக்கிறது. ஜூன் மாதம் பிள்ளைக்கு மின்மினி காட்ட ஆசைப்படுவோம், நவம்பரில் அதைப் பையில் கட்டி வாசலில் வைப்போம். பிள்ளையிடம் குப்பைவாரிக்குப் பதில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள்.

மார்க்கம் தம்பி:
கிளுவை அண்ணா, வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நோர்வே மேப்பிள் இலை உள்ளங்கையை விடப் பெரியது. நனைந்து தட்டுத் தட்டாகப் படிந்தால் கீழே காற்றும் போகாது, வெளிச்சமும் போகாது. ஏப்ரலில் உங்கள் புல்தரையில் மின்மினி இருக்குமோ இல்லையோ, புல் இருக்காது. அந்த இலைகளில் கறுப்புப் புள்ளி இருக்குமே, அது பூஞ்சணம். விழுந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில் புது இலையைப் பிடிக்கும்.

ஸ்காபரோ அம்மா:
ஓ, அதுவா! "அம்மா, இலைக்கு யார் தார் பூசியது?" என்று மகள் கேட்டாள். பதில் தெரியாமல் முழித்தேன்.

கிளுவை வேலி:
அந்தப் புள்ளியால் மரம் சாவதில்லை, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். உங்கள் வளவைத் துடைத்து வைத்தாலும் பக்கத்து வீட்டு மரத்திலிருந்து பூஞ்சண வித்து காற்றில் வரும். புல் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். புல்லில் கிடப்பதைச் செடிகளின் அடிக்கு ஒதுக்கிவிடுங்கள், போதும். புளோவரை மட்டும் சொல்லாதீர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் அதைத் தொடங்கும்போது எனக்கு வரும் எண்ணங்களை இங்கே எழுத முடியாது.

உடுப்பிட்டி அப்பப்பா:
மூன்று பேரையும் வாசித்தேன். சின்ன வயதில் விடியப்புறம் முற்றம் கூட்டுவது எங்கள் அக்காமாரின் வேலை. விழுந்த பலாவிலையைக் கூரான நீளக் கம்பியால் ஒவ்வொன்றாகக் குத்திக் கோத்து எடுப்பது என் வேலை. ஆறு வயதிருக்கும். கம்பி நிறைந்ததும் கொட்டிலுக்கு ஓடுவேன். ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். யாரும் என்னை விளையாட விட்டதும் இல்லை, வேலை பழக்கியதும் இல்லை. ஆட்டுக்குப் பசி, அவ்வளவுதான். பிள்ளை, நீங்கள் நிரப்பிய பை எங்கே போகிறது என்று உங்கள் மகளுக்குத் தெரியுமா? வாசலில் வைத்தால் காணாமல் போய்விடுகிறது. பிறகு ஏன் குவிக்க வேண்டும்? அவள் குதிப்பது சரிதான்.

இங்கே ஆட்டுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் வருடாவருடம் ஒக்டோபர் கடைசியில் உள்ளிப்பல் நடுகிறேன். நிலம் உறையும் முன் அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்கு இலை போட்டு மூட வேண்டும். ஜூலையில் பிடுங்கலாம். பேரன்தான் இலை சுமக்கிறான். பாதி வழியில் கொட்டுவான். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

மார்க்கம் தம்பி:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உள்ளிப் பாத்திக்கு நாலு பை இலை போதும். மிச்சப் பதினைந்து பையை யார் கட்டுவது? ஒரு விஷயத்திலாவது எல்லோரும் ஒத்துக்கொள்வோம்: வீதியோரத்தில் குவிக்காதீர்கள். தண்ணீர் போகும் வாய் அடைபடும் என்பது ஒருபுறம். குவியலுக்குள் பிள்ளை ஒளிந்திருந்தால் வாகனத்தில் வருகிறவருக்குத் தெரியாது.

ஸ்காபரோ அம்மா:
அப்பப்பா, இன்று கடையில் மிஞ்சியிருந்த உள்ளியில் பத்துப் பல் நட்டோம். பிந்திவிட்டது என்று தெரியும், நிலம் இன்னும் இளக்கமாகத்தான் இருந்தது. மகள் பாத்திக்குப் பதினொரு தடவை இலை கொண்டுபோனாள், எண்ணியது அவளேதான். பன்னிரண்டாவது தடவை, "மிச்சத்தை மயிர்க்கொட்டிக்கு விடுவோம்" என்று வேலிக்கரையில் கொட்டிவிட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, கிளுவை அண்ணாவின் பதிலை நேற்று இவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், அவ்வளவுதான். இவர் இப்போது புளோவர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பை இன்னும் பாதிதான். அதற்குள் மகன் உட்கார்ந்திருக்கிறான், எழும்ப மாட்டானாம்.