ஜாம் போத்தலும் அட்டைத் தடுப்பும்: உங்கள் அனுபவம் என்ன?

நுவரெலியா, ஜாம் செய்பவள்
மூன்று மாதமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கொழும்புக்கு 24 போத்தல் ஸ்ட்ரோபரி ஜாம் அனுப்பினேன், கீழே 12, மேலே 12, நடுவில் ஓர் அட்டை, போத்தலுக்குப் போத்தல் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிய தடுப்பு. தடுப்பை நானேதான் பழைய பெட்டிகளை வெட்டிச் செய்தேன். அன்றைக்கு விடியவிடிய மழை, அட்டை முழுவதும் வாசல் திண்ணையில்தான் கிடந்தது. ஆர்டர் கொடுத்த தங்கச்சி வீடியோ கோல் எடுத்து, பெட்டிக்குள் கையை விட்டுத் தடுப்பைத் தூக்கினாள். அது நனைந்த அப்பளம் மாதிரி தொங்கியது. கிழிந்த ஓரத்தில், அட்டையின் இரு தாள்களுக்கு நடுவில் அலைபோல ஒட்டியிருக்கும் நெளிவரிகள் படுக்கை வசமாக ஓடுவது தெளிவாகத் தெரிந்தது, வரிக்குள்ளே சிவப்பாக ஜாம், ஜாமுக்குள் கண்ணாடித் துண்டு. "அக்கா, கை வைக்கப் பயமா இருக்கு" என்றாள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்குக் கொடுத்துவிட வாங்கியதாம். ஐந்து போத்தல் போய்விட்டது. காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்தக் குரல்தான் காதிலேயே இருக்கிறது.

பண்டாரவளை
என்னுடையது போத்தல் இல்லை, படம். இறந்துபோன அப்பாவின் படத்தைச் சட்டம் போட்டுக் கண்டியிலிருக்கும் அக்காவுக்கு பஸ்ஸில் பார்சல் போட்டேன். நாலு மூலைக்கும் காட்போட் மடித்து, இறுக்கமாக, அசையவே அசையாத மாதிரி கவர் செய்தேன். இறுக்கமாக இருந்தால்தான் பாதுகாப்பு என்று நினைத்தேன். அக்கா பிரித்தபோது ஒரு மூலைக் கவர் நசுங்கியிருந்தது, அந்த இடத்திலிருந்தே விரிசல் கிளம்பி அப்பாவின் நெற்றி வழியாகப் போயிருந்தது. பிறகுதான் புரிந்தது, கவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் போகும் அளவுக்காவது இடம் விட்டிருக்க வேண்டும். அட்டையை ஒரு பெட்டிபோல மடித்து உள்ளே வெற்றிடம் விட்டால், எதிலாவது இடிபடும்போது அந்த வெற்றிடம் நசுங்கும், படத்துக்கு ஒன்றும் வராது. நான் நசுங்க இடமே வைக்கவில்லை.

ஹட்டன், பெக்டரி ஸ்டோரில் வேலை
ஜாம் தங்கச்சி, வரி படுத்திருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அது பாதிதான் சரி. போத்தல் கண்ணாடி, நேராக நின்றால் மேலே வரும் பாரத்தை அதுவே தாங்கும். தடுப்பின் வேலை ஒன்றோடொன்று இடிக்காமல் வைப்பது. றம்பொடைப் பக்கம் வளைவுக்கு வளைவு லொறி சாயும்போது தடுப்பு துவண்டால் போத்தல் போத்தலை இடிக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஆனால் உள்ளே மெல்லிய டப்பா, பிஸ்கட், பழம் மாதிரிப் பாரம் தாங்காத பொருள் என்றால் கதையே வேறு, அப்போது தடுப்பு பெட்டியின் முழு உயரத்துக்கு இருக்க வேண்டும், வரி நிச்சயமாக நின்ற வசமாக ஓட வேண்டும், மேல்பாரம் அதன் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும்.

அட்டையை எப்படித் தேர்வது என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நெளிவரியின் உயரத்தை வைத்து அட்டைக்கு எழுத்துப் பெயர் உண்டு: பி வரி அட்டை 3 மில்லிமீட்டர் கனம் வரும், சி வரி 4, ஈ வரி ஒன்றரைதான். சின்னப் போத்தல் தடுப்புக்கு பி போதும், மடிப்பும் சுத்தமாக வரும். கனமான பொருளுக்கு வெளிப்பெட்டி 5 ப்ளை, அதாவது மூன்று தட்டைத் தாளும் நடுவில் இரண்டு நெளிவரியும் உள்ளது, எடுங்கள். செருகும் வெட்டு, அட்டையின் கனத்துக்குச் சரியாக இருக்கட்டும், அகலமானால் தடுப்பு ஆடும், ஒடுக்கமானால் வரி நசுங்கும். மழுங்கின கத்தியால் வெட்டவே வேண்டாம். மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் ஒருதரம் அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள், இல்லாவிட்டால் மேல் தாள் வெடிக்கும். பெட்டிகளை அடுக்கும்போது மூலைக்கு மேல் மூலை வரட்டும், பாரத்தில் பெரும்பங்கு மூலைகள்தான் தாங்குகின்றன. செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதி, அடிப்பெட்டிதான் வயிறு தள்ளும். எங்கள் அப்பா காலத்தில் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டியில், உள்ளே அலுமினியத்தாள் போட்டுப் போனது. இப்போது பல அடுக்குக் காகிதச் சாக்கு. காகிதம் என்று வந்தபிறகு ஈரத்துக்குப் பயப்படத்தான் வேண்டும், பெட்டிக்கு வெளியே பொலித்தீன் சுற்றிவிடுங்கள்.

தலவாக்கலை
ஹட்டன் அண்ணே, மற்றதெல்லாம் சரி, பொலித்தீன் சுற்றச் சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். அட்டை ஏற்கெனவே ஈரம் குடித்திருந்தால் சுற்றியபிறகு அந்த ஈரம் எங்கே போகும்? காளான் அனுப்பி நான் பட்டது அதுதான். பொலித்தீனைப் பிரித்தபோது உள்பக்கம் முத்து முத்தாக நீர், அட்டையின் தாள்கள் தனித்தனியாக உரிந்து வந்தன. தாளை ஒட்டுவது மாவுப் பசைதானே, ஈரம் பட்டால் விட்டுவிடும். எங்கள் ஊர் மூடுபனிக்குத் திண்ணையில் வைத்தாலே போதும், மழை தேவையே இல்லை. முதலில் அட்டையைக் காய வையுங்கள், சுற்றுவது அப்புறம்.

நுவரெலியா, ஜாம் செய்பவள்
எல்லாருக்கும் நன்றி. ஹட்டன் அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு, அன்றைக்கு வெட்டியதில் மிஞ்சிக் கிடந்த தடுப்பை எடுத்துப் பார்த்தேன், வெட்டு இரண்டு மடங்கு அகலம், அதுதான் ஆடியிருக்கிறது. நேற்று புது அட்டை வாங்கி, வரி நிற்கும்படி வெட்டினேன், இரவு முழுவதும் அடுப்புக்கு மேலே பரணில் வைத்தேன். காலையில் 12 போத்தலில் தண்ணீர் நிரப்பி அடுக்கி, பெட்டியைத் தூக்கிக் குலுக்கினேன். ஒரு சத்தமும் வரவில்லை. மகன் இன்னும் பலமாகக் குலுக்கினான், அப்போதும் இல்லை. அந்தத் தங்கச்சியின் அண்ணன் ஊருக்கு வந்திருக்கிறாராம், 20ஆம் திகதி மறுபடி வெளிநாடு போகிறாராம். இந்தப் பெட்டி அவருக்குத்தான், காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.